ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் ஓர் ஆள்

1

இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. ஆடி மாதம் என் மாமனார் நாமக்கல்லில் காலமானார். என் மனைவி பூங்கொடி அவர் கட்டிக்கொடுத்த மகள். முறைப்படி பார்த்தால் பண்டிகைத் தடை அவள் தம்பி வீட்டுக்குத்தான், எங்களுக்கு இல்லை. ஆனாலும் "வேண்டாமுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. கனடாவின் அக்டோபர் குளிரில் கார் ஷெட்டில் நின்று சந்தனம் கரைக்கும் தெம்பு எனக்கும் இல்லை.

மகள் மல்லிகாதான் சாப்பிடும்போது கேட்டாள், "இந்த வருஷம் எலுமிச்சம்பழம் இல்லையா?" என்று. ஆங்கிலத்தில் கேட்டாள். பத்து வயதாகிறது. நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன்.

எலுமிச்சம்பழம் என்றதும் எனக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வேலை முடிந்து வந்தால் உட்காரத்தான் தோன்றும், எழுதத் தோன்றாது. பண்டிகை இல்லாத நாளில் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

2

நான் எடப்பாடிப் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். சேலத்தில் ஐடிஐ படித்து, மேட்டூரில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீசியனாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிற வேலை. "ஆறே மாசம், உன்னையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கிறேன்" என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது மல்லிகா தொட்டிலில் இருந்தாள். விசா வருவதற்குள் அவளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று இந்த அரசாங்கத்தை நம்பவைப்பதிலேயே வருஷங்கள் போயின.

அந்த வருஷங்களில் மல்லிகா வளர்ந்தது நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில், அவள் அப்புச்சியின் லாரிப் பட்டறையில். எங்கள் பக்கத்தில் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். மாமாவுக்குச் சொந்தமாக இரண்டு லாரி, அதோடு லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஷெட்டு. வெல்டிங் புகையும் பெயின்ட் வாசனையும் சுத்தியல் சத்தமுமாக நாள் முழுவதும் இரைச்சல். குழந்தை வளர்க்கிற இடமா அது என்று நான் இங்கிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை லீவில் வந்தபோது நேரில் பார்த்தேன். பட்டறைக்குள் லாரி பின்பக்கமாகத்தான் வர வேண்டும். எந்த டிரைவராக இருந்தாலும் தானாக ரிவர்ஸ் எடுக்க மாட்டார். பின்னால் ஓர் ஆள் நின்று கூப்பிட வேண்டும், அந்தக் குரலுக்குத்தான் வண்டி வரும். எங்கள் ஊர் லாரித் தொழிலில் அது எழுதாத சட்டம். மாமாவின் ஷெட்டில் மாமாவே நின்று கூப்பிடுவார். அன்றைக்கு நான்கு வயது மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நீ கூப்புடு சாமி" என்றார்.

"வா... வா... வா... வரட்டும்... வரட்டும்..." என்று அவள் கத்தினாள். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, அந்தக் குரலுக்கு அவ்வளவு பெரிய வண்டியை அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்தார். போதும் என்ற இடத்தில் மாமா பாடியில் தட்டினார். அவர் தட்டுவதே தனி. இரண்டு தட்டு, சற்று விட்டு உள்ளங்கையால் ஓர் அறை. லாரி நின்றது. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த ஊருக்கே ராணி அவள்தான்.

3

அப்படிக் கத்தினவள் இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் பேசினாள். பள்ளியில் ஒரு சொல் இல்லை. முதல் வருஷம் புது இடம் என்று விட்டார்கள். இரண்டாம் வருஷம் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபேக்டரியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். நல்ல மனிதர்தான். குழந்தைக்கு ஏதோ குறை இருக்கலாம் என்று சந்தேகிப்பதாகவும், ஊரின் மறு கோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு தனிப் பள்ளி இருப்பதாகவும், பஸ் வந்து அழைத்துப்போகும் என்றும் மென்மையாகச் சொன்னார். மென்மையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பதற்றத்தில் என் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. வீட்டில் ஓயாமல் பேசி என் தலையைத் தின்கிறாள் என்று சொல்ல நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வீட்டில் அவள் என் தலையைச் சாப்பிடுகிறாள் ஐயா! எழுதிக்கொண்டிருந்த அவர் பேனா நின்றது. பிறகு அதையும் குறித்துக்கொண்டார்.

மல்லிகாவின் டீச்சர்தான் குறுக்கே வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, ஓய்வு பெறுகிற வயதில் இருந்த அம்மாள். "என் வகுப்பில் ஒரு ரோபோ வாங்கியிருக்கிறோம். வாரம் ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய், திங்கட்கிழமை அதை ஓட்டிக்காட்டி ஒரு கதை சொல்ல வேண்டும். இவள் முறை வரட்டும். அதற்கப்புறம் முடிவு செய்யலாம்" என்றார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சரி என்றார்.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன், பேசவே பேசாத பிள்ளை கதை எப்படிச் சொல்லும் என்று.

"கதை சொல் என்றால் எந்தப் பிள்ளையும் மிரளும். இந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டால், போகிற இடத்தைச் சொல்லத்தான் செய்யும். அதுதானே கதை?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் படித்த பள்ளியில் கதை என்றால் வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. ஒரு முறை கதையின் முடிவை மாற்றிச் சொன்னதற்கு அவர் திருகிய காது இன்றும் குளிரில் வலிப்பதாக எனக்கு ஒரு பிரமை உண்டு. சொந்தமாக யோசிப்பதற்குப் பள்ளிக்கூடமே பொம்மை வாங்கிக் கொடுக்கும் என்பது எனக்குப் புதிது.

4

வெள்ளிக்கிழமை ரோபோ வீட்டுக்கு வந்தது. ரோபோ என்றால் கையும் காலும் தலையில் விளக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தோம். வந்தது நான்கு சக்கரம் வைத்த சாம்பல் நிற வண்டி. முதுகில் பொத்தான்கள். முன்னால், பின்னால், இடது, வலது, அப்புறம் எண்கள். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று வரிசையாக அழுத்தி வைத்தால் அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அதன்படியே ஓடும்.

பூங்கொடி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். லாரிக்காரர் மகள் அல்லவா. "சக்கரம் இருக்குது, பேட்டரி இருக்குது. இது வண்டிதானுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டு ஆயுத பூஜை. பண்டிகை வாரநாளில் வந்தால் இங்கே ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்துக்கொள்வோம். சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். அன்று முழுவதும் மல்லிகா வண்டியை ஹாலில் ஓட்டிக்கொண்டே இருந்தாளாம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஞாயிறு காலை நான் எழுந்து பார்க்கும்போது, சாமி படத்துக்கு முன்னால் என் ஸ்பேனர் செட்டு, பூங்கொடியின் தையல் மெஷின், கார் சாவி, அதற்கு நடுவே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ரோபோ.

"பூங்கொடி, அது ஸ்கூல் பொருள்."

"இருந்தா என்னங்க? பூசை போடாம ஒரு வண்டிய எடுத்து ஓட்டச் சொல்றீங்களா? எங்கூட்டுல அப்பிடிப் பழக்கமில்ல."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. மல்லிகா கேட்டாள், அழுதாள், கதை பழக வேண்டும் என்று கத்தினாள்.

"சாமி முன்னால வெச்சத எடுக்கப்படாது கண்ணு. காத்தால எடுத்துக்கலாம், சொன்னாக் கேளு."

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பிள்ளை இந்தப் பள்ளியில் இருப்பாளா, பஸ் ஏறிப் போவாளா என்பது திங்கட்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் அந்த வண்டிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் எடுத்துக் கொடு என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு, வேறென்ன.

5

திங்கள் காலை மறுபூஜை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள் பூங்கொடி. நம் ஊரில் லாரி டயர் ஏறினால் பழம் சப்பென்று நசுங்கும், சகுனம் நல்லது என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள். இங்கே கிடைக்கும் எலுமிச்சை முரட்டுத் தோல். வண்டியோ ஒரு பூனைக்குட்டி எடைகூட இல்லை. மல்லிகா பொத்தானை அழுத்தினாள். சக்கரம் பழத்தின் மேல் வழுக்கி வழுக்கிச் சுற்றியது, பழம் அசையவில்லை.

"நசுங்காமப் போகப்படாதுங்க" என்றாள் பூங்கொடி.

மணியாகிறது, பள்ளிக்குப் போக வேண்டும். புத்தி எங்கே போனதோ, பழத்தைக் கத்தியால் கீறிவிட்டு வண்டியை மேலிருந்து கையால் அழுத்தினேன். பழம் நசுங்கியது. சாறு பீய்ச்சிக்கொண்டு நேராக முதுகுப் பொத்தான்களுக்குள் போயிற்று. மோட்டார் பார்க்கிறவன் செய்கிற காரியமா இது?

துடைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். முன்னால் போயிற்று. பின்னால் வந்தது. இடது, வலது இரண்டு பொத்தானும் செத்துவிட்டன. வண்டிக்கு இனித் திரும்பத் தெரியாது. திறந்து பார்க்க நேரமில்லை. பூங்கொடியின் முகம் வெளுத்துவிட்டது. "சாமிக்கு வெச்சது, ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், எனக்கா அவளுக்கா தெரியவில்லை. மல்லிகா வண்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் கூடவே போனேன். இன்னும் ஓர் அரை நாள் சம்பளம்.

6

நடந்ததைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார். குங்குமத்தைத் தொட்டுப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். "கதை முடிந்த பிறகு பழுது பார்க்கலாம், உட்காருங்கள்" என்று வகுப்பின் பின்சுவர் ஓரமாக ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். தலைமை ஆசிரியரும் வந்து வாசலில் நின்றார்.

மல்லிகா கரும்பலகைக்கு அடியில் வண்டியை வைத்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கேட்டார், "இது எங்கே போகிறது?"

மல்லிகா வண்டியின் சக்கரத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை இருமியது.

"எங்கிருந்து கிளம்புகிறது?" என்று மாற்றிக் கேட்டார்.

"என் அப்புச்சியின் ஷெட்டிலிருந்து" என்றாள் மல்லிகா. மற்றதெல்லாம் ஆங்கிலம், அப்புச்சி மட்டும் அப்புச்சிதான். பொத்தானை அழுத்தினாள். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. "இது சேலம்." மறுபடி அழுத்தினாள். "இது மெட்ராஸ். இதற்கு மேல் கடல்."

"லாரி கடலில் போகாது" என்றான் ஒரு பையன்.

"இது போகும். இதற்கு எங்கள் அம்மா பூஜை போட்டிருக்கிறார்கள். நான்கு எலுமிச்சம்பழம்."

"ஏன் நேராகவே போகிறது?"

"திரும்ப மறந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது."

வண்டி கடலைத் தாண்டி, வகுப்பின் நீளம் முழுவதும் வந்து, என் ஷூவில் முட்டி நின்றது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "இங்கேதான் என் அப்பா இருக்கிறார்" என்றாள்.

கதை முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள், "அப்படியானால் அது வீட்டுக்கு எப்படிப் போகும்?"

மல்லிகா யோசித்தாள். "ரிவர்ஸில் போகலாம். ஆனால் டிரைவர் தானாக ரிவர்ஸ் எடுக்க மாட்டார். பின்னால் ஒருவர் நின்று கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிடவில்லையென்றால் அது இங்கேயே நிற்கும்."

அவள் கதையைத்தான் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை.

"யார் கூப்பிடுவார்கள்?" என்றார் டீச்சர்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். வகுப்புக்கு நடுவில், எல்லார் முன்னாலும், தமிழில் சொன்னாள்: "அப்பா, அங்க போயி அப்புச்சி மாதிரி கூப்புடுங்க."

போனேன். கரும்பலகைக்கு அடியில், நாமக்கல்லில், முட்டி மடக்கி உட்கார்ந்தேன். வாசலில் தலைமை ஆசிரியர் நிற்கிறார் என்பதையும் மறந்து, "வா... வா... வா... வரட்டும்... வரட்டும்..." என்று குரல் கொடுத்தேன். மல்லிகா அழுத்தினாள். வண்டி கடலைத் தாண்டிப் பின்பக்கமாக வந்தது. இரண்டாம் முறை அழுத்தியபோது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வகுப்பு முழுக்க, வெள்ளையும் கறுப்புமாக அத்தனை பிள்ளைகளும் "வா வா" என்று கத்தினார்கள். வண்டி என் கைக்கு வந்ததும் மல்லிகா பக்கத்து மேஜையில் தட்டினாள். இரண்டு தட்டு, சற்று விட்டு உள்ளங்கையால் ஓர் அறை.

தனிப் பள்ளிப் பேச்சு அதற்கப்புறம் எழவேயில்லை. ரோபோவைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, திரும்புகிற மாதிரி செய்து கொடுத்தேன். திரும்ப ஆரம்பித்த பிறகும் பிள்ளைகள் கடல் தாண்டும் லாரிக் கதையைத்தான் கேட்டார்கள் என்று டீச்சர் சொன்னார்.

7

அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவில்லை. மல்லிகா கதையாகச் சொல்லித் தள்ளினாள், எழுதித் தள்ளினாள். எல்லாம் ஆங்கிலத்தில். அவளுக்கு ஒரு மொழி கிடைக்க வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டினேன், கிடைத்தது. கிடைத்த வேகத்தில் மற்றொன்று போனதை நாங்கள் கவனிக்கவில்லை. மாதம் ஒரு முறை நாமக்கல்லுக்குப் போன் போட்டால், "நல்லா இருக்கேனுங்க அப்புச்சி" என்று ஒப்பித்துவிட்டு ரிசீவரை அம்மா கையில் திணித்துவிடுவாள்.

மாமா ஒவ்வொரு முறையும் கடைசியில் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "எப்ப வாரீங்க சாமி?"

"அடுத்த வருசம் வாரோமுங்க மாமா."

எத்தனை அடுத்த வருஷம்! ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் கையில் காசு இல்லை. இந்த வருஷம் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தோம். பாஸ்போர்ட் மூன்றும் அலுவலகத்தில் இருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. கேட்டுப் பார்த்தேன். கவுன்டருக்குக் கவுன்டர் அனுதாபம் சொன்னார்கள், பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. கொடுத்த நாளில் அங்கே கருமாதி முடிந்திருந்தது.

பூங்கொடி அழவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள், மறுநாள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். இத்தனை மாதமாக அவள் அழாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

8

இன்று காலண்டரில் ஆயுத பூஜை. வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினேன். சக்கரத்துக்கு அடியில் எதுவும் இல்லாமல் கார் மொட்டையாக நின்றது. பின் கண்ணாடி முழுவதும் உறைபனி. சுரண்ட அலுப்பாக இருந்தது. ஸ்கூல் பஸ்ஸுக்காகப் பையோடு வாசலில் நின்ற மல்லிகாவிடம், "பின்னால கொஞ்சம் பாரு கண்ணு" என்றேன்.

போய் நின்றாள். "கமான்... கமான்... கீப் கமிங்..." என்றாள். சரி, அதுவாவது சொல்கிறாளே என்று அந்தக் குரலுக்கு மெதுவாக எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை நடுவில் வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்து மல்லிகா காரின் பின்பக்கத்தில் தட்டினாள்.

இரண்டு தட்டு. சற்று விட்டு ஓர் அறை.

காரை நிறுத்தினேன். சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. பூங்கொடி செருப்புக்கூட இல்லாமல் பனித்தரையில் ஓடிவந்தாள்.

"ஏனுங்க, யாருங்க தட்டுனது?"

"மல்லிகாதான்."

"எங்கப்பன் தட்டறாப்பலயே இருந்துச்சுங்க..." என்றவள், மகள் தட்டின இடத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். ஆடியில் அழ வேண்டிய அழுகை. சத்தம் கேட்டு எதிர் வீட்டுத் திரை விலகியது.

மல்லிகா பயந்துபோனாள். அம்மாவின் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு குனிந்து, எத்தனையோ நாளைக்கப்புறம், தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டாள்:

"அம்மா, நான் ஜாஸ்தியாத் தட்டிட்டனாங்க?"

ஸ்கூல் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மல்லிகா போகவில்லை.